இன்னுமா படிக்கிறாள்?

உங்கள் வீட்டிலோ, எதிர் வீட்டிலோ, ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டிலோ 'ஆராய்ச்சி' செய்கிற பிள்ளையோ பெண்ணோ இருந்தால், வாசகியே, இந்த வாரம் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள். தொடர்கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கதாநாயகி அதற்குள் எங்கேயும் ஓடிப்போய்விட மாட்டாள்.

கல்யாண வீட்டுப் பந்தியில் நடக்கிற விசாரணையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "உங்க பையன் என்ன பண்றான்?" "பேங்கில் ஆபீஸர்." சரி. "உங்க மாப்பிள்ளை?" "சாப்ட்வேர்." மெத்தச் சரி. "உங்க மூத்த பொண்ணு?" "ரிஸர்ச் பண்றா." இங்கேதான் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுபோகும். ரசம் பரிமாறுகிறவர் கடந்து போகிற வரைக்கும் மௌனம். பிறகு, "அப்படீன்னா... இன்னுமா படிக்கிறா?" என்று ஒரு கேள்வி வரும். அதிலே குரோதம் ஒன்றும் இல்லை; அனுதாபம்தான். இருபத்தொன்பது வயசில் ஒரு பெண் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், பாவம், எத்தனை தடவை தவறினாளோ என்கிற அனுதாபம்!

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அப்படி ஒரு பெண் இருக்கிறாள். பெயரைப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். "போட்டீங்கன்னா மறுநாளே நாலு பேர் ஜாதகம் கேட்டு வருவாங்க அக்கா!" ஆகையால் 'நம் பெண்' என்றே வைத்துக்கொள்வோம். அப்பா தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி பி.ஈ. முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் இருக்கிறான். காலையில் அக்காவும் தம்பியும் ஒன்றாகத்தான் பறக்கும் ரயில் ஏறுகிறார்கள். திருவான்மியூர் ஸ்டேஷனில் டைடல் பார்க் கூட்டத்தோடு தம்பி இறங்கிவிடுவான். அடுத்த ஸ்டேஷன் தரமணி. அங்கே அக்கா இறங்குவாள். ஒரு ஸ்டேஷன் தூரம்தான். ஆனால் சம்பளத்தில் இருக்கிற தூரம், மந்தைவெளிக்கும் மாமல்லபுரத்துக்கும் உள்ள தூரம்.

அவள் என்னதான் செய்கிறாள்? மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் சில, மருந்து கொடுத்தாலும் சாகாமல் ஏன் தப்பித்துக்கொள்கின்றன என்று பார்க்கிறாள். இதைச் சொன்னவுடனே பக்கத்து வீட்டு மாமி, "அப்போ மருந்து கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்டாராம். "இல்லை மாமி, ஏன் கேக்கலைன்னு பாத்துக்கிட்டிருக்கேன்." "அதைப் பார்க்க அஞ்சு வருஷமா?"

அஞ்சு வருஷம் ஏன் ஆகிறது என்பதை மாமிக்கு விளக்க, சமையலறையைக் காட்டிலும் நல்ல இடம் கிடையாது. நான் ஒரு சனிக்கிழமை அவளுடைய பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு பிரம்மாண்டமான பிரஷர் குக்கர்! அதற்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி நீராவி, இருபது நிமிஷம். கண்ணாடிப் பாத்திரங்களில் இருக்கிற கிருமி ஒன்று விடாமல் செத்துப்போகும். நம் வீட்டுக் குக்கரில் வெயிட்டைப் போட்டவுடன் உள்ளே நடப்பதும் ஏறக்குறைய அதேதான். நாம் பருப்பு வேகிறது என்கிறோம்; அவர்கள் 'ஸ்டெரிலைஸ்' ஆகிறது என்கிறார்கள்.

இன்னொரு பக்கம் சின்னச் சின்ன வட்டத் தட்டுகளில் பாக்டீரியா வளர்ந்துகொண்டிருந்தது. அது உட்கார்ந்திருக்கிற மெத்தை என்ன தெரியுமா? அகர் அகர்; வீட்டில் சீனப்புல் என்று வாங்கி வந்து பாலில் காய்ச்சி இனிப்புப் பண்ணுகிறோமே, அதே கடற்பாசிச் சரக்கு! இதை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டு வந்தவரும் ஓர் இல்லத்தரசிதான். ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற பெரிய விஞ்ஞானியின் கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் வேலை பார்த்தார். கிருமிகளை வளர்க்க அவர் ஊற்றி வைத்த ஜெலட்டின் வெயில் காலத்தில் உருகி வழிந்தது. போதாக்குறைக்குக் கிருமிகளே அதைத் தின்று தண்ணீராக்கிவிட்டன. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, "என் ஜெல்லி மட்டும் வெயிலிலும் உருகாமல் நிற்கிறதே, அதைப் போட்டுப் பாருங்களேன்" என்ற யோசனையைக் கொடுத்தார். ஜாவாவில் வாழ்ந்து வந்த அறிமுகக்காரர்களிடம் அந்த அம்மாள் கற்றுக்கொண்ட சமையல் ரகசியம் அது. நடந்தது 1881-ல். மறு வருஷமே கோக் தம்முடைய க்ஷயரோகக் கட்டுரையில் அகரைப் பற்றிக் குறிப்பிட்டார். யார் சொன்ன யோசனை என்பதை மட்டும் குறிப்பிடவில்லை. சமையலறையிலிருந்து போகிற யோசனைகளுக்கு எப்போதும் இதே கதிதான் போலிருக்கிறது! இன்றைக்கும் உலகத்தில் கிருமி வளர்க்கிற கூடம் அத்தனையிலும் அந்த அம்மாளின் ஜெல்லிதான்.

போகட்டும். நம் பெண்ணின் நிஜமான கவலை அந்த மூலையில், 37 டிகிரிச் சூடு மாறாமல் இருக்கிற ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அங்கேதான் செல்கள் ரோஸ் நிறத் திரவத்தில் வளர்கின்றன. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை அந்தத் திரவத்தை மாற்றி ஊற்ற வேண்டும். மறந்தால் ரோஸ் மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் பட்டினி என்று அர்த்தம். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, பொங்கல் தெரியாது, தம்பியின் நிச்சயதார்த்தம் தெரியாது. "கைக்குழந்தை வச்சிருக்கிற மாதிரிதான் அக்கா. என்ன, இது வளர்ந்து பெரியவனாகி என்னைக் காப்பாத்தாது" என்று சிரித்தாள்.

இந்தக் குழந்தைகளுக்கு நோய் வேறு வரும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலத்தில் நம் வீட்டுச் சுவரில் பூஞ்சை பூக்கிறதல்லவா? அதன் வித்து ஒன்று எப்படியோ ஒரு புட்டிக்குள் விழுந்துவிட்டால் போதும். மறுநாள் காலை பஞ்சு மிதந்த மாதிரி இருக்கும். அந்தப் புட்டியை மட்டுமல்ல, பக்கத்தில் இருந்தவற்றையும் கொட்டிவிட்டு, பெட்டியைத் துடைத்துக் கழுவி, உறைநிலையில் வைத்திருக்கிற சேமிப்பிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். மூன்று வார உழைப்பு சாக்கடையில். வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பாள், "இன்னிக்கு என்ன பண்ணினே?" என்ன சொல்வது? தோசை மாவு புளித்துப் போனால்கூட அடுத்த நாள் ஊத்தப்பம் வார்த்துவிடலாம்; இதற்கு அந்தச் சமாதானமும் இல்லை.

அவள் சேர்ந்தது 2021 ஜனவரியில். ஐந்தாம் மாதம் ஊரடங்கு. கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்; செல்களையெல்லாம் உறைய வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் மிதந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நாங்கள் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தோம். நம் பெண்ணோ, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, திரவ நைட்ரஜன் பாத்திரத்தில் மட்டம் இறங்கிவிட்டதா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பாத்திரத்துக்குள் மைனஸ் 196 டிகிரி. அது காய்ந்துபோனால் மூன்று வருஷமும் காய்ந்து போன மாதிரிதான். விடுதியில் தங்கியிருந்த இரண்டு பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்துக்கொண்டதால் தப்பித்தது.

இனிமேல் பண விஷயம். நம் சம்சாரப் பக்கத்தில் அதைப் பேசாமல் எப்படி?

அவளுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. அதற்கே 'நெட்' என்று ஓர் அகில இந்தியப் பரீட்சை உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை என்பது திட்டம். 2024 ஜூன் மாதத்துப் பரீட்சையைச் சில நாட்களுக்கு முன்னால் தள்ளிவைத்து, ஜூலை கடைசியில் நடத்தினார்கள். ரயில் டிக்கெட் வாங்கினவர்கள் கதியை யோசித்துப் பாருங்கள். அதில் தேறுகிறவர்களிலும் மேல்தட்டில் இருப்பவர்களுக்குத்தான் பணம். 2014-ல் மாதம் 25,000 ரூபாய் ஆக்கினார்கள். 2019-ல், ஆராய்ச்சி மாணவர்கள் தேசமெங்கும் தெருவுக்கு வந்து கேட்ட பிறகு, 31,000. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷம் 37,000, அதற்கப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 'பரவாயில்லையே!' என்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் இரண்டு விஷயங்கள். முதலாவது, இந்தப் பணம் ஒன்றாம் தேதி வருகிற பணம் அல்ல. நம் பெண்ணுக்கு ஒரு முறை ஐந்து மாதத் தொகை சேர்ந்து ஒரே நாளில் வந்தது. ஐந்து மாதம் அப்பாவின் பென்ஷனில் ரயில் பாஸ் எடுத்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்ததாம். உள்ளூரில் வீடு இருக்கிறவளுக்கே இப்படி. அவளோடு வேலை செய்கிற தென்காசிப் பக்கத்துப் பெண் வாடகைக்கு இடம் தேடியபோது, வீட்டுக்காரர் கேட்டாராம்: "ஸ்டூடண்டா, வேலை பாக்கிறியாம்மா?" ஸ்டூடண்ட் என்றால் வீடு இல்லை, வேலை என்றால் சம்பளச் சீட்டு எங்கே? இரண்டும் கெட்டான் நிலைமை என்பது இதுதான். இவர்களாவது தேவலை. எத்தனையோ கல்லூரிகளில் ஒரு காசு உதவித்தொகை இல்லாமல், டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, இந்தத் தொகை ஐந்து வருஷத்தோடு நின்றுவிடும். வேலை முடிந்ததா, புயல் வந்ததா, பூஞ்சை விழுந்ததா என்று அது கேட்காது. நம் பெண்ணுக்கு 2025 டிசம்பரோடு நின்றுவிட்டது. ஆய்வேடு இன்னும் முடியவில்லை.

சரியாக இந்தச் சமயம் பார்த்து ஒரு வரன் வந்தது. பையன் புனேயில் என்ஜினீயர். குணமானவன் என்று கேள்வி. பிள்ளை வீட்டார் கெட்டவர்கள் அல்ல. "பி.எச்டி.யெல்லாம் எதுக்கும்மா, இந்த வைகாசியில் கல்யாணத்தை முடிச்சுட்டு, அங்கே ஏதாவது ஸ்கூல்ல வேலை பாத்துக்கட்டுமே" என்று சொன்னார்கள். அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. என்னிடம் வந்து, "நீ எழுதறவ, நாலு விஷயம் தெரிஞ்சவ; நீயாவது அவளுக்கு எடுத்துச் சொல்லேன்டியம்மா" என்றாள். எடுத்துத்தான் சொன்னேன், ஆனால் பெண்ணிடம் அல்ல, அம்மாவிடம்.

என்ன சொன்னேன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் உபயோகப்படலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் போட்ட விதியில், பிறகு 2022-ல் போட்ட விதியிலும், பெண்களுக்கென்று சில சலுகைகள் இருக்கின்றன. ஆய்வை முடிக்க மற்றவர்களுக்குள்ள உச்ச காலத்துக்கு மேல் பெண்களுக்கு இரண்டு வருஷம் கூடுதலாகத் தரலாம். பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் படிப்புக் காலத்தில் ஒரு முறை 240 நாள் வரை விடுப்பு உண்டு. முக்கியமானது மூன்றாவது: கல்யாணமாகியோ வேறு காரணத்தாலோ ஊர் மாறிப் போகிற பெண், தான் அதுவரை செய்த ஆராய்ச்சி விவரங்களைப் புது ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக்கொண்டு போய் அங்கே தொடரலாம். பழைய வழிகாட்டிக்கும் நிறுவனத்துக்கும் உரிய பெயரைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு முட்டுக்கட்டை: அந்த வேலை, வழிகாட்டியோ நிறுவனமோ வெளியே நிதி வாங்கி நடத்துகிற திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடாது. பூர்வாங்கமாக அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புனேயில் செல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. கல்யாணம் என்றால் ஆய்வேட்டைப் பரணில் போட வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

"இப்படியெல்லாம் இருக்கா!" என்றாள் அம்மா. ஐந்து வருஷமாக அந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லவில்லை. விதிகள் இருக்கின்றன, அவற்றை எடுத்துச் சொல்கிற வாய்தான் இல்லை.

பட்டம் என்னத்துக்கு, வேலை தெரிந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். இதற்கு நான் அன்னா மாணியின் கதையை நினைத்துக்கொள்கிறேன். பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர். சென்னை மாகாணக் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் ஸர் சி.வி. ராமனின் கூடத்தில் வைரங்களும் மாணிக்கங்களும் வீசுகிற ஒளியைப் படம் பிடித்தார். ஒரு படத்துக்குப் பதினைந்து இருபது மணி நேரம் தட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இரவெல்லாம் விழித்திருந்து செய்த வேலை. 1945-ல் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டது. அந்த அம்மாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. லண்டன் போய் வானிலைக் கருவிகளைக் கற்றுக்கொண்டு, 1948-ல் திரும்பி வந்து, அதே புனேயில் வானிலை இலாகாவில் சேர்ந்தார். மழையையும் காற்றையும் வெயிலையும் அளக்கிற கருவிகளை இந்தத் தேசத்திலேயே செய்ய வைத்தார். இலாகாவின் துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு பெற்றார். கடைசி வரை டாக்டர் பட்டம் கிடையாது.

நல்ல கதைதான். ஆனால் இதைச் சொல்லி இந்தக் காலத்துப் பெண்ணைத் தேற்றுவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். அன்னா மாணிக்குத் திறந்திருந்த கதவு இன்றைக்கு இல்லை. ஆராய்ச்சி நிலைய உத்தியோகம் என்றால், விண்ணப்பத்தில் முதல் வரியிலேயே பட்டத்தைக் கேட்கிறார்கள். பட்டம் வாங்கினாலும் உடனே வேலை இல்லை. இன்னும் இரண்டு மூன்று வருஷம் 'போஸ்ட் டாக்' என்று வேறு கூடத்தில் இருக்க வேண்டும். அதற்கும் வயசு வரம்பு. நிலையான உத்தியோகம் வருவதற்குள் முப்பத்தைந்தைத் தொட்டுவிடுவார்கள். நம்மூரில் முப்பத்தைந்து வயசு என்றால் என்னவெல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா?

முன்பெல்லாம் 'அமெரிக்கா போய்விட்டு வா' என்பார்கள். அதுவும் இப்போது கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கிறது. 2025-ல் அங்கே ஆராய்ச்சிக்கான அரசாங்கப் பணத்தைப் பல இடங்களில் வெட்டினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விசா மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஓர் அறிவிப்பு. போஸ்ட் டாக் போகிறவர்கள் பலர் ஜே-1 என்கிற வேறு விசாவில் போகிறவர்கள்தான். ஆனாலும் நம் பெண்ணுக்கு ஆவலோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர், "நிதி நிலைமை தெளிவாகட்டும், பார்க்கலாம்" என்று எழுதிவிட்டார். 'பார்க்கலாம்' என்கிற வார்த்தைக்கு எந்தப் பாஷையிலும் ஒரே அர்த்தம்தான்.

பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் போயிற்று என்று கேட்பீர்கள். நம் பெண் தானே அந்தப் பையனுடன் போனில் பேசினாள். ஆய்வேடு முடிய எட்டு மாதம் ஆகும், புனேயில் தொடர முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதுவரை காத்திருக்க முடியுமா என்று கேட்டாள். அவன், "எட்டு மாசம்னா எட்டு மாசமா, இல்லே ரிஸர்ச் எட்டு மாசமா?" என்று கேட்டானாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையன் பரவாயில்லை என்று எனக்கும் தோன்றுகிறது. வீட்டாரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.

இதற்கிடையில் அவளுடைய கட்டுரை ஒன்றை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தாள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மூன்று நிபுணர்கள் படித்துவிட்டு, வேலை நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் ஒருவர் மட்டும் இன்னும் ஒரு பரிசோதனை செய்து காட்டச் சொல்கிறார். அதற்கு ஓர் ஆன்டிபாடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நகப்பூச்சு புட்டியில் பாதிகூட இல்லாத ஒரு குப்பி, விலை அவளுடைய ஒரு மாத உதவித்தொகையை நெருங்கும். வழிகாட்டி எப்படியோ பணம் புரட்டிக் கொடுத்தார். உதவித்தொகை நின்றுபோனதால், நம் பெண் சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள். பாடத்துக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். பிள்ளை வீட்டுச் செய்திக்காக என்று தெருவே நினைத்துக்கொண்டிருக்கிறது. நேற்று வந்த செய்தி, குப்பி விமான நிலையம் வந்து சேர்ந்துவிட்டது என்பதுதான். பனிக்கட்டி உருகுவதற்குள் அதை எடுத்து வர, தம்பியின் ஸ்கூட்டரைக் கேட்டு வைத்திருக்கிறாள்.